பாதி வழியில் திரும்பிய விளக்கு

காலை ஆறு மணி இருக்கும். தரையிலிருந்து இருபதடி உயரத்தில், ஒரு வெள்ளை ஓக் மரத்தில், இடுப்பு வாரில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தேன். இருட்டு. கீழே ஓடைப் பள்ளத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் சின்ன விளக்கு. நடைக்கு ஏற்ப ஆடியபடி மேலே ஏறி வந்தது. எனக்கு நூறு கெஜம் கீழே வந்ததும் நின்றது. அணைந்தது. இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடி எரிந்து, வந்த வழியே திரும்பி இறங்கிப் போய்விட்டது. வேட்டைக்காரர் யாரோ நான் இருப்பதைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இடம் எனக்கு. அந்தச் சந்தோஷம் காலை பத்தரை வரை நீடித்தது. அதற்கப்புறம் ஒரு வருடமாக அந்த விளக்கு மனதை விட்டுப் போகவில்லை.

நான் இருப்பது தென்கிழக்கு மிச்சிகன். ஏழெட்டு வருடமாக வில்லால் மான் வேட்டையாடுகிறேன், எல்லாம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அரசு வேட்டை நிலங்களில். தட்டையான ஊர். சதுப்பு, புதர், சோளக்காட்டு ஓரம். வானிலை ஆப்பில் மேற்குக் காற்று என்று போட்டிருந்தால் காட்டுக்குள்ளும் ஏறக்குறைய மேற்குக் காற்றுதான். மான் வரும் வழிக்குக் கிழக்கே உட்கார்ந்தால் நம் வாசனை அதற்குப் போகாது, வேலை முடிந்தது. இந்த ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு, சென்ற நவம்பர் முதல் வாரம் ஐந்து நாள் விடுப்பு எடுத்து, ஒஹாயோவின் தென்கிழக்கு மூலையில் உள்ள வேய்ன் தேசிய வனத்துக்கு, ஏதென்ஸ் ஊர்ப் பக்கம், ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். நவம்பர் முதல் வாரம் ஏன் என்று வேட்டையாடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைவால் மான்கள் இணைசேரத் தொடங்கும் காலம் அது. மற்ற நாட்களில் இருட்டில் மட்டும் நடமாடும் கிடாக்கள் பெண் மானைத் தேடிப் பட்டப்பகலில் அலையும். துப்பாக்கிக்காரர்களின் முக்கியமான வாரம் அங்கே நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்துதான் வரும். அதுவரை காடு பெரும்பாலும் வில்காரர்கள் கையில்.

ஊரில் சொன்னால் இன்னும் யாரும் நம்புவதில்லை. நான் நாமக்கல் பக்கத்துக்காரன். கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்து வளர்ந்தவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தவன் என்று கதை. என்னிடம் இருப்பதோ இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில், மிசௌரிக்காரர் ஒருவர் 1969-இல் காப்புரிமை வாங்கிய வடிவம். அறுபது பவுண்டு இழுவை. முழுக்க இழுத்து நிறுத்தியபின் கையில் தாங்க வேண்டியது பன்னிரண்டு பவுண்டு போலத்தான். இத்தனை வசதி இருந்தும் இருபது கெஜத்துக்கு மேல் அம்பு விட எனக்குத் தைரியம் கிடையாது. முதல் வருடம் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "மானையா கண்ணு அடிக்கறே?" என்றார். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டை என்றால் திருவிழாவில் சாமி குதிரை வாகனத்தில் பரிவேட்டைக்குப் போவது மட்டும்தான். அம்மா இன்றுவரை அந்தக் கேள்வியிலிருந்து நகரவில்லை. சரி, அது வேறு கட்டுரை.

பச்சைத் துண்டுகள்

கோடை முழுக்க வரைபடம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் உள்ள வேட்டை ஆப்பில் அரசு நிலம் பச்சையாகத் தெரியும். தனியார் நிலம் நிறமில்லாமல், உரிமையாளர் பெயரோடு. வேய்ன் வனத்தை அப்படிப் பார்த்தால் காடு மாதிரியே இருக்காது. கிழிந்த போர்வையில் ஒட்டுப்போட்டதுபோல இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கு ஒஹாயோவின் இரும்பு உலைகளுக்குக் கரி வேண்டும் என்று மலை மலையாக மரம் வெட்டினார்கள். அப்புறம் நிலக்கரி. மொட்டையான சரிவுகளில் விவசாயம் பார்த்தவர்களுக்கு மேல்மண் ஓடையோடு போய்விட்டது. 1930-களில் மத்திய அரசு விற்க முன்வந்தவர்களிடமிருந்து அந்த நிலங்களை வாங்க ஆரம்பித்தது. விற்றது பச்சை, விற்காதது வெள்ளை. இன்று மேலே நிற்கும் ஓக் காடு பெரும்பாலும் அந்த வெட்டுக்குப் பிறகு எழுந்து வந்தது.

மான்களும் அப்படித்தான். 1904 வாக்கில் ஒஹாயோவில் ஒரு வெள்ளைவால் மான்கூட மிச்சமில்லை. 1920-களிலும் 30-களிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 1943-இல் மூன்று மாவட்டங்களில் மட்டும் வேட்டையை மறுபடி அனுமதித்தார்கள். இப்போது மாநிலம் முழுக்க வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மான்கள் வேட்டைக் கணக்கில் பதிவாகின்றன. வெளியூர்க்காரன் என்ற கூச்சம் வரும்போதெல்லாம் இதைத்தான் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்: இந்தக் காட்டில் மானே வெளியூர்தான்.

வரைபடத்தில் நான் குறித்து வைத்திருந்த இடம் இரண்டு முகடுகளுக்கு நடுவே குதிரை முதுகு மாதிரி தாழ்ந்து வளைந்த ஒரு கணவாய். ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குப் போகும் மான், செங்குத்தாக ஏறுவதைவிட அந்தத் தாழ்ந்த இடத்தில் கடந்து போகவே விரும்பும். முதல் நாள் மதியம் நேரில் போய்ப் பார்த்தேன். சம உயரக் கோடுகள் பொய் சொல்லவில்லை. வெள்ளை ஓக் கொட்டைகள் காலில் உருண்டன. சிவப்பு ஓக் கொட்டை கசப்பு அதிகம், வெள்ளை ஓக் கிடைக்கும்வரை மான் அதை அவ்வளவாகச் சீண்டாது. கொம்பு தேய்த்த மரங்கள் நான்கு, குளம்பால் மண்ணைக் கிளறிய தடம் இரண்டு. இறங்கும் வழியில் ஓடையோரம் ஒரு பழைய வீட்டின் கல் அடித்தளத்தையும் பார்த்தேன். சுற்றிலும் வின்கா கொடி தரையோடு படர்ந்து கிடந்தது. நம் நித்தியகல்யாணிக்கு உறவு. இங்கே பழைய வீட்டு வாசலிலும் கல்லறைகளிலும் வைத்து வளர்த்த செடி. ஆள் போனபிறகும் அது போகாது. நம் ஊரில் நித்தியகல்யாணிக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் உண்டு. யார் யாரைப் பார்த்து வைத்தார்களோ.

முதல் இரண்டு நாள் வேறு இடங்களில் உட்கார்ந்து கெட்டேன். மலை ஏறி இறங்கி, மரம் ஏறி இறங்கி, தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது. மான்கள் என்னைப் பார்க்காமலேயே எங்கிருந்தோ சீறின. லாரி பிரேக்கிலிருந்து காற்று பிரிவது போன்ற அந்தச் சத்தம் கேட்டால் அன்றைய காலை முடிந்தது என்று அர்த்தம். மூன்றாம் நாளுக்காகத்தான் கணவாயை வைத்திருந்தேன். நான்கு மணிக்கு எழுந்து, ஐந்தே முக்காலுக்கெல்லாம் மரத்தின் மேல். அதற்குப் பிறகுதான் அந்த விளக்கு.

இருமல் மிட்டாய்

அன்று காலை ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. ஏழு மணி வாக்கில் கீழே பள்ளத்தில் ஒரு சீறல் மட்டும் கேட்டது. யாரைப் பார்த்து? கீழே ஆளே இல்லையே. பத்தே காலுக்கு இறங்கி, சாலையோரம் வண்டி நிறுத்தியிருந்த கப்பிக்கல் திட்டுக்கு வந்தபோது, என் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிக்அப் நின்றது. வெயில் பட்டு வெளுத்த சிவப்பு, பின்கதவு கிடையாது. எழுபது வயதுக்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்து பிளாஸ்கில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வில் பக்கத்தில் கிடந்தது. முதலில் என் மிச்சிகன் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நவம்பர் மாதம், ஒஹாயோ, மிச்சிகன் பிளேட். அமெரிக்கக் கால்பந்தில் இரண்டு மாநிலங்களும் பழைய எதிரிகள்; அது தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வை புரியும்.

காலையில் விளக்கோடு வந்தது அவர்தான். திரும்பிப் போனதற்கு நன்றி சொன்னேன். என்னைப் பார்த்துவிட்டீர்களா, விளக்கை அணைத்துவிட்டுத்தானே இருந்தேன் என்றேன். பார்க்கவில்லை என்றார். பிறகு எப்படி என்று கேட்டதற்கு மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இருமல் மிட்டாய் வாசனை. பள்ளம் முழுக்க இறங்கி வந்தது. சரி, மேலே யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துபோயிற்று."

நீலகிரித் தைலம். முந்தைய இரவு மோட்டலில் தோள்பட்டைக்கு வழியவழியத் தேய்த்துக்கொண்டு படுத்தேன். இத்தனைக்கும் நான் வாசனை விஷயத்தில் பைத்தியம் மாதிரி. வேட்டைத் துணிகளை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் காய்ந்த ஓக் இலைகளோடு வைத்திருப்பேன். காட்டுக்கு வந்தபிறகுதான் அந்த உடை. ரப்பர் பூட்ஸ், வண்டிக்குள் போட மாட்டேன். தோளில் இருந்த தைலம் மட்டும் என் கணக்கில் வரவில்லை. நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாது என்பார்களே, சின்ன வயதிலிருந்து சளிக்கும் தலைவலிக்கும் அதையே முகர்ந்து வளர்ந்தவனுக்கு அது ஒரு வாசனையே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. தைலம் இல்லாவிட்டாலும் மனித வாசனை இருக்கத்தான் செய்யும். அவர் மூக்குக்கு எட்டாது, மான் மூக்குக்கு எட்டும். ஆக, அந்த ஒரு கணத்தில் மூன்று நாள் சீறல்களுக்கும் அர்த்தம் கிடைத்துவிட்டது. மலையில் விடியலுக்கு முன் காற்று நம் ஆப்பில் சொல்கிறபடி அடிப்பதில்லை. இரவில் குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம், தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி வழியும். முகட்டில் உட்கார்ந்தவனின் வாசனை ஒவ்வொரு மடிப்பிலும் இறங்கி ஓடையோடு போகும். வெயில் ஏறி சரிவு சூடான பிறகுதான் அது திரும்பி மேல்நோக்கி எழும். மாலையில் மறுபடி கீழே. இதை நான் படிக்காதவன் இல்லை. மலைப்பகுதி வேட்டை என்று தேடினால் முதலில் வருவதே இதுதான். ஆனால் படித்தது எல்லாம் மானுக்கு நான் எங்கே தெரிவேன் என்ற கோணத்தில் மட்டுமே தலையில் ஏறியிருந்தது. கீழே இன்னொருவர் உட்கார நினைத்தால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை.

ஒரு மரம்தான் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். ஒரு பள்ளத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் மரியாதைக்காகத் திரும்பினாரா, இல்லை கீழே எங்கே உட்கார்ந்தாலும் இனிப் பயனில்லை என்று திரும்பினாரா?

யார் முதலில்

பொது நிலத்தில் வேட்டைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் வந்தவருக்கு இடம். அடுத்து வருபவர் ஒதுங்கிப் போக வேண்டும். நாற்பது வருடமாக அங்கேயே வருபவராக இருந்தாலும் சரி, நேற்று வந்தவராக இருந்தாலும் சரி. எனக்குப் பிடித்த சட்டம் அது. பணம் கொடுத்துத் தனியார் பண்ணையைக் குத்தகைக்கு எடுக்க முடியாத என்னைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டில் இது பெரிய விஷயம். அதுவுமில்லாமல் நான் சும்மா வரவில்லை. வெளி மாநிலத்தவன் என்பதால் உள்ளூர்க்காரரைப் போலப் பல மடங்கு உரிமக் கட்டணம் கட்டியிருந்தேன். வில் வாங்கியபோது அதன் விலைக்குள்ளேயே 11 சதவீத மத்திய வரி இருந்தது. 1937-இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் என்று போட்ட சட்டம், 1970-களில் வில்லையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. அன்று மதியம் மோட்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு, கேட்காத நீதிபதி ஒருவர் முன்னால் இந்த வாதங்களை எல்லாம் வரிசையாக வைத்தேன். எல்லாம் சரியான வாதங்கள்தான். ஆனாலும் வழக்கு முடியவில்லை.

ஏனென்றால் காலையில் அவரிடம் நான் இன்னொன்றும் சொல்லியிருந்தேன். நாளைக்கு அந்தப் பக்கம் வரமாட்டேன், நீங்கள் உட்காருங்கள் என்றேன். அவர் காபியின் கடைசி வாயை வெளியே ஊற்றிவிட்டுச் சொன்னார்: "அரசாங்க நிலம்தானே. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்." பிறகு, வண்டியைக் கிளப்பும்போது, அந்த ஓடையோரக் கல் அடித்தளத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "என் மனைவியின் ஆட்கள் இருந்த இடம்" என்றார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, சோகமும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். மான் எங்கே இருக்கும் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இதைத்தான் ஒரு வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அலுவலக நண்பர், கென்டக்கி மலைப்பக்கம் பிறந்தவர், அதைக் கேட்டதும் சிரித்தார். அந்த ஊர்ப் பேச்சில் "எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்" என்பதற்கு "வராதே" என்று அர்த்தம் என்றார். இன்னொரு நண்பர், அது பெருந்தன்மை, நீதான் தேவையில்லாமல் தோண்டுகிறாய் என்றார். மனைவிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "ஏங்க, ஒருத்தர் சொன்னதை அவர் சொன்னபடியே எடுத்துக்க மாட்டீங்களா? அரசாங்க நிலம். உட்காரலாம். அவ்ளோதான் சொன்னார்." அவள் சொல்வதுதான் சரி என்று பல நாள் நினைக்கிறேன். அப்புறம் அந்த அணைந்த விளக்கின் இரண்டு நிமிடம் நினைவுக்கு வரும். இருட்டில் நின்று, மூக்கால் என்னைத் தெரிந்துகொண்டு, போவதா வேண்டாமா என்று ஒருவர் யோசித்த இரண்டு நிமிடம். அதில் என்ன நினைத்தார் என்பது எந்த வாக்கியத்திலும் இல்லை.

தாத்தாப்பூச்சி

நான்காம் நாள் காட்டுக்குள் போகவே இல்லை. மோட்டலுக்குப் பின்னால் வெட்டாத புல்வெளியில் மில்க்வீட் செடிகள் காய்ந்து வெடித்து நின்றன. நம் எருக்குக்குச் சொந்தக்காரச் செடி. அதே பால், அதே பஞ்சு. ஊரில் அந்தப் பஞ்சு பறந்து வந்தால் தாத்தாப்பூச்சி என்று துரத்துவோம். இங்கே வேட்டைக்காரர்கள் காற்றுப் பார்க்க அதைத்தான் பையில் வைத்திருக்கிறார்கள். நான் இதுவரை பயன்படுத்தியது ஒரு சின்னப் புட்டியில் உள்ள பொடி. அது நான்கடியில் கரைந்து மறைந்துவிடும், நம்மிடமிருந்து கிளம்பும் காற்றைக் காட்டும், போய்ச் சேரும் இடத்தைக் காட்டாது. பஞ்சு அப்படியில்லை. கண்ணுக்கு எட்டும்வரை போகும்.

ஆறு காய்களைப் பறித்துக்கொண்டு, நான்கு மைல் தள்ளி வேறொரு பச்சைத் துண்டுக்குப் போய், விடியலிலிருந்து சாலைத் திருப்பத்தில் நின்று ஒவ்வொன்றாக விட்டேன். ஆப்பில் மேற்குக் காற்று, மணிக்கு ஆறு மைல். தாத்தாப்பூச்சிகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பொறுமையாக, முழங்கால் உயரத்தில், வடக்கே பள்ளத்துக்குள் இறங்கின. வரிசையில் போவது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில். எதிர்ச் சரிவில் வெயில் பட்டபிறகு தடுமாறின. சில அந்தரத்தில் நின்று சுற்றின. ஒன்பது மணி நெருங்கும்போது விட்டது நேராக மேலே ஏறி மரத்தலைக்கு மேல் போய் மறைந்தது. சாலையில் போன இரண்டு வண்டிகள் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துவிட்டுப் போயின. மாறுவேஷத் துணி போட்ட கறுப்பு ஆள், கையில் வில் இல்லை, பஞ்சு ஊதிக்கொண்டிருக்கிறான்.

ஐந்தாம் நாள், கடைசி நாள், எட்டரை மணிக்குத்தான் காட்டுக்குள் போனேன். விடியலுக்கு முன்னால் போய் உட்காராதவன் வேட்டைக்காரனே இல்லை என்று பேசிக்கொண்டு திரிந்தவன்தான். தைலம் இல்லை, தோள் வலித்தது. கிழக்கு பார்த்த சரிவில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி, படிபோலத் தட்டையாக ஓடும் இடத்துக்கு மேலே ஒரு மரம். பஞ்சை விட்டேன், மேலே ஏறியது. கீழே யார் இருந்தாலும் அவர்களுக்கு நான் இல்லை.

பத்து மணிக்குப் பெண் மான் ஒன்று தனியாக அந்தப் படி வழியே வந்தது. கிடாவுக்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. பதினெட்டு கெஜம். என் அம்பு நொடிக்கு 280 அடி போகும்; அந்தத் தூரத்துக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. நாண் சத்தம் அதற்கு முன்பே மானைத் தொட்டுவிடும், துள்ளுவதற்காக அது உடம்பைத் தாழ்த்தும். அதனால் நெஞ்சின் கீழ்ப்பாதியில் குறி வைக்க வேண்டும். வைத்தேன். மான் ஓடியது. அம்பில் இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம் இருந்தது. நுரையீரல் ரத்தம். அப்படியும் அரை மணி நேரம் மரத்தைவிட்டு இறங்கவில்லை, கை நடுங்கியதும் ஒரு காரணம். எழுபது கெஜத்தில், ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் கிடந்தது. கண்களை மூடப் பார்த்தேன். மான் கண் மூடாது. ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறேன்.

அனுமதிச் சீட்டை நிரப்பி, போனில் பதிவு செய்து, இழுத்துக்கொண்டு சாலைக்கு வர மதியம் ஆகிவிட்டது. மான்களுக்கு வரும் மூளை அரிப்பு நோய்க்குப் பயந்து, வெளி மாநிலத்தில் அடித்த மானின் தலையையும் முதுகெலும்பையும் மிச்சிகனுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். அவை ஒட்டாமல் கறியைப் பிரித்துத்தான் எடுத்துப் போக வேண்டும். வண்டியின் பின்கதவை இறக்கி, பலகை போட்டு, சாலையோரத்திலேயே வேலையை ஆரம்பித்தேன். பின்தொடையில் பாதி முடிந்திருக்கும்போது வளைவில் ஒரு வண்டிச் சத்தம். வெளுத்த சிவப்பு பிக்அப். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஆள்காட்டி விரல் மட்டும் ஓரங்குலம் மேலே எழுந்து இறங்கியது. அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் விரல் தூக்குவார்கள்.

என் இரண்டு கையிலும் முழங்கை வரை ரத்தம், ஒன்றில் கத்தி. முழங்கையைத் தூக்கிக் காட்டினேன். பின்கதவில்லாத அந்த வண்டியின் உள்ளே மான் ஏதும் தெரிகிறதா என்று பார்த்தேன். அதற்குள் வளைவு வந்துவிட்டது.